வேறு வளங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த எட்டுக் கேள்விகள். இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் பசியை அளக்க இவற்றைத்தான் கேட்கிறார்கள். கடந்த 12 மாதங்களில் சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? சத்தான உணவு கிடைக்காமல் போனதா? ஏதோ சில வகைகளை மட்டுமே சாப்பிட்டு ஒப்பேற்ற வேண்டியிருந்ததா? ஒரு வேளை சாப்பிடாமல் விட்டதுண்டா? வயிறு கேட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட்டதுண்டா? வீட்டில் உணவு தீர்ந்துபோனதா? பசித்தும் சாப்பிடாமல் இருந்ததுண்டா? ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுண்டா?

மாலைக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. எட்டுக் கேள்வியிலும் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வந்தது: "பணமோ வேறு வளங்களோ இல்லாத காரணத்தால்". பணம் என்பதில் குழப்பம் இல்லை. வேறு வளங்கள் என்றால் என்ன? 'வசதி' என்று எழுதினால் திரும்பவும் காசிலேயே போய் நிற்கிறது. 'வளம்' என்று எழுதினால் மண்வளம், நீர்வளம், காட்டுவளம் எல்லாம் கூடவே வருகின்றன. கணக்கெடுப்பு நடத்தும் குழுவில் பல வருடம் களப்பணி செய்த ஓர் அக்கா இருந்தார். போன் செய்து கேட்டேன்.

"வளம்னு போடாதீங்க தம்பி," என்றார். "பழங்குடி வீட்டுல போய் வளம் இல்லையான்னு கேட்டா, அவங்க காட்டைக் காட்டுவாங்க. அதைக் குறிச்சுக்கத் தாள்ல இடம் இல்லை."

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. கேள்வித்தாளை எழுதிக் கொடுத்த பிறகும், பூர்வகுடி வீடுகளில் பசி எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டே இருந்தேன். அதுவரை எனக்கிருந்த எண்ணம் எளிமையானது. கிராமம், வறுமை, படிப்பில்லை, வேலையில்லை, அதனால் சாப்பாடு இல்லை. உலகில் பூர்வகுடி மக்கள் சுமார் 47.6 கோடிப் பேர், மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 சதவீதம். ஆனால் கொடும் வறுமையில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பூர்வகுடியினர். இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் வறுமைதான் காரணம் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். காரணமும் விளைவும் எனக்குள் இடம் மாறியது, கீலா ஆற்றின் கதையைப் படித்த பிறகுதான்.

அமெரிக்காவின் அரிசோனாவில், வருடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் பாலை நிலத்தில் ஓடிய ஆறு கீலா. அதன் கரையில் வாழ்ந்தவர்கள் தங்களை அகிமெல் ஓஓதம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆற்று மக்கள் என்று பொருள். வெளியார் அவர்களுக்கு வைத்த பெயர் பீமா. அந்த வறண்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்வது அங்கே ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைய கலை. சோளம், பூசணி, வெயிலைத் தாங்கி விளையும் டெப்பரி அவரை, பின்னால் ஐரோப்பியர் வழியாக வந்த கோதுமை எல்லாம் பயிராயின. ஆற்றில் மீன் இருந்தது. மெஸ்கீட் மரத்தின் இனிப்பான காய்களை இடித்து மாவாக்கிச் சேர்த்து வைத்தார்கள். மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நமக்குத் தெரிந்த சீமைக்கருவேலத்தின் உறவு மரம். 1849இல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பாலையைக் கடந்து கலிபோர்னியாவுக்குப் போனார்கள். பசியும் தாகமுமாக வந்த அவர்களுக்குச் சோறு போட்ட ஊர்கள் பீமா ஊர்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணுவமே அவர்களிடம் கோதுமை வாங்கியது. விற்பதற்கு மிச்சம் இருந்த விவசாயிகள் அவர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூர்வகுடி என்றதும் ஏதுமற்றவர் என்று ஒரு படம் நம் மனதில் முன்கூட்டியே இருக்கிறது. கதையின் தொடக்கத்தில் அப்படி யாரும் இல்லை.

1860களின் இறுதியிலிருந்து ஆற்றின் மேல்பகுதியில் புதிதாகக் குடியேறியவர்கள் நீரைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பத் தொடங்கினார்கள். 1880களில் ஃபுளோரன்ஸ் என்ற ஊருக்கருகே பெரிய கால்வாய் ஒன்று வெட்டினார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான மாதங்களில் பீமா வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்தது மணல்தான். நூற்றாண்டின் இறுதியில் அங்கே பஞ்சம். வயல் காய்ந்தது, மீன் போனது. காசுக்கு வழியில்லாமல் மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றார்கள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வயலும் ஆறும் கைவிட்டால் கடைசிக் காப்பாக இருந்த மரம் அது. அதையே வெட்டி, விற்று, அந்தக் காசில் மாவு வாங்கினார்கள். பசிக்கிற வீடு அடுத்த வருடத்துச் சாப்பாட்டை இந்த வருடமே அடகு வைப்பது இப்படித்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தொலைநோக்கு இல்லாத செயலாகத் தெரியலாம். அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது?

அரசு உதவிக்கு வந்தது. வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை. உயிர் காத்த பொருள்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறைகளாக அவரையும் முழுத் தானியமும் காய்மாவும் தின்ற உடம்புகளுக்கு அதுவே அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. 1965இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் அங்கே ஒரு நெடிய ஆய்வைத் தொடங்கினார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு. வெகுகாலம் இதற்குப் பரம்பரையைத்தான் காரணமாகப் பேசினார்கள். அப்புறம் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மலைப்பகுதியில் சொந்தமாகப் பயிரிட்டு உண்டு வாழும் பீமா மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி அங்கே நீரிழிவு 6.9 சதவீதம், அமெரிக்கப் பக்கம் 38 சதவீதம். உறவுமுறை ஒன்றே, உடம்பும் ஒன்றே. வேறுபட்டது தட்டும், அந்தத் தட்டுக்குப் பின்னால் இருந்த வயலும், உழைப்பும்.

பசி என்றால் ஒட்டிய வயிறு என்று நினைப்பவர்களுக்கு இது புரியச் சிரமம். உடல் பருத்த ஒருவர் உணவுப் பாதுகாப்பில்லாத வீட்டில், அதாவது போதிய சத்தான உணவு கிடைக்கும் என்ற உறுதியில்லாத வீட்டில், வாழ முடியும். மலிவாகக் கிடைப்பது மாவும் சர்க்கரையும் கொழுப்பும் என்றால் வயிறு நிறையும், உடம்பு பட்டினி கிடக்கும்.

கீலாவில் எடுக்கப்பட்டது நீர். வடதுருவப் பக்கம் எடுக்கப்பட்டது என்ன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நாய்.

கனடாவின் வடக்கே வாழும் இனுயிட் மக்கள் பனியில் சறுக்குவண்டி ஓட்டி வேட்டைக்குப் போனவர்கள். சீல், கரிபூ மான், மீன், திமிங்கிலம் ஆகியவைதான் உணவு. அங்கே தோட்டம் போட முடியாது. 1950களிலிருந்து 1970கள் வரை அரசு அவர்களை நிரந்தரக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம், மருத்துவம், குடும்ப உதவித்தொகை எல்லாம் அங்கேதான் என்றானபோது போகாமல் இருக்க முடியவில்லை. அந்த வருடங்களில் வண்டி இழுக்கும் நாய்கள் பெரும் எண்ணிக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டன. குடியிருப்புக்குள் கட்டாமல் திரிகின்றன, நோய் பரப்புகின்றன என்று காரணம் சொன்னார்கள். இனுயிட் அமைப்பு ஒன்று உண்மையறியும் ஆணையம் அமைத்து முதியவர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. கனடா அரசு 2019 ஆகஸ்டில் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

நாய் போனால் என்ன ஆகும்? நாய்க்குத் தீனி சீல் இறைச்சி. அது வேட்டையிலேயே கிடைக்கும். நாயின் இடத்தில் வந்த பனிவண்டிக்குத் தீனி பெட்ரோல். அது கடையில்தான் கிடைக்கும், காசு கொடுத்தால்தான் கிடைக்கும். ஆக, இலவசமாகக் கிடைத்த கடல் உணவை அடைவதற்குக் காசு வேண்டியதாயிற்று. அந்தக் காசுக்கும் ஒரு வழி இருந்தது. சாப்பிட்ட சீலின் தோலை விற்றார்கள். 1983இல் ஐரோப்பிய நாடுகள் சீல் குட்டித் தோலின் இறக்குமதியைத் தடை செய்தன. இனுயிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடியவர்கள் இல்லை. ஆனாலும் சந்தை மொத்தமாகச் சரிந்தது. 2009இல் இன்னொரு தடை வந்தது. அதில் இனுயிட் மக்களுக்கு விலக்கு உண்டு, காகிதத்தில். வாங்க ஆளில்லாத சந்தையில் விலக்கு எதற்கு? விலங்குகள் மீது அன்பு கொண்டு குரல் கொடுத்தவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த அன்பின் விலையை யார் வீட்டு அடுப்பு கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் என்ற வடக்குப் பகுதியில் 25 குடியிருப்புகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. உணவு விமானத்திலோ கோடையில் வரும் கப்பலிலோ வந்தால்தான் உண்டு. தெற்கே சாதாரணமாக வாங்கும் பொருள் அங்கே பல மடங்கு விலை. 2017இல் நடந்த கணக்கெடுப்பில், இனுயிட் தாயகப் பகுதிகளில் 15 வயதுக்கு மேற்பட்ட இனுயிட் மக்களில் 76 சதவீதம் பேர் உணவுப் பாதுகாப்பில்லாத நிலையில் இருந்தார்கள். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று அது. 2011 முதல் அரசு வடக்கே அனுப்பும் உணவுக்கு மானியம் தருகிறது, கடைகள் வழியாக. வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தனி நிதி சேர்ந்தது 2020இல்தான். பசியைப் போக்கும் வழி கடைதான் என்ற எண்ணத்திலிருந்து வெளிவர இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வேட்டைக்காரர் சீலோடு திரும்பினால் அது அவர் வீட்டோடு நிற்பதில்லை. உறவுக்கும் முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் பங்கு போகும். ஊரில் பத்துப் பேர் வேட்டையை நிறுத்தினால் பத்து வீடுகள் மட்டும் பாதிக்கப்படுவதில்லை, பங்கு வாங்கிய வீடுகளும் சேர்ந்தே விழும். வீடு வீடாகப் பசியை அளக்கும் தாளில் இந்தப் பங்கீடு தெரியாது. அது இருந்தபோதும் யாரும் எழுதவில்லை, போனபோதும் எழுதவில்லை.

இந்தியாவின் கதை காட்டில் தொடங்குகிறது. 1865, 1878, 1927 என்று ஆங்கிலேய அரசு போட்ட காட்டுச் சட்டங்கள் ஒவ்வொன்றும் காட்டை மரக்கிடங்காகப் பார்த்தன. ரயில் பாதைக்குக் கட்டை, கப்பலுக்குத் தேக்கு. அந்தப் பார்வையில் கிழங்குக்கும் கீரைக்கும் காளானுக்கும் தேனுக்கும் இலுப்பைப் பூவுக்கும் இடமில்லை. காடெரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்டவர்கள் காட்டை அழிப்பவர்கள் ஆனார்கள். காலங்காலமாகக் கிழங்கு தோண்டிய பெண், ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் திருடியானாள். சுதந்திரத்துக்குப் பின் சரணாலயங்கள், அணைகள், சுரங்கங்கள் வந்தன. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் தன் முன்னுரையிலேயே இதை "வரலாற்று அநீதி" என்று சொல்கிறது. ஒரு நாட்டின் சட்டமே அப்படி எழுதியது சின்ன விஷயமில்லை. ஆனால் உரிமை கேட்டு விண்ணப்பிக்கும் குடும்பம், தான் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காகிதமே இல்லாமல் வாழ்ந்தவர்களிடம் காகிதம் கேட்டால் எங்கே போவார்கள்?

காட்டு உணவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. விளைச்சல் தீர்ந்து அடுத்த விளைச்சல் வருவதற்கு முன்னால் உள்ள வெறும் மாதங்களில்தான் அது கைகொடுக்கும். முதல் மழைக்குத் தளிர்க்கும் கீரை, மழைக்காலக் காளான், வறண்ட மாதத்தில் தோண்டும் கிழங்கு. மொத்தமாக எடைபோட்டால் வருடச் சாப்பாட்டில் அது சிறு பங்காகத் தெரியலாம். ஆனால் எந்த மாதத்தில் அந்தப் பங்கு வருகிறது என்பதுதான் முக்கியம். பத்து மாதம் சோறிருந்து இரண்டு மாதம் இல்லாத வீட்டில் குழந்தை வளர்ச்சி குன்றுவது அந்த இரண்டு மாதத்தில்தான்.

கொல்லிமலையைப் பற்றி எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களிலிருந்து நிறைய வேலை செய்திருக்கிறார்கள். அதில் ஒரு செய்தி என் மனதில் தங்கிவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. கீழே சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன, மேலே சாலை வந்தது, மரவள்ளிக்குக் கைக்காசு கிடைத்தது. சாமையைக் குதிரில் வருடக்கணக்கில் வைக்கலாம். தோண்டிய மரவள்ளியைச் சில நாள்கூட வைக்க முடியாது. விற்றே ஆக வேண்டும், ஆலை சொல்லும் விலைக்கு. பழைய பயிரை விட்டுவிட்டார்களே என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்க்காத ஒன்று உண்டு: சாமையின் உமியை நீக்கப் பெண்கள் உலக்கை பிடித்துக் குத்திய நேரம். நாள் முழுக்க வயலிலும் கூலியிலும் நின்றுவிட்டு வந்து, ராத்திரிக்கான தானியத்தைக் குத்த வேண்டும். ரேஷன் அரிசி அந்த உலக்கையிலிருந்து விடுதலை தந்தது. அந்தப் பெண்கள் அரிசிக்கு மாறியதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நிறுவனத்தினர் மலையில் சிறுதானிய அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்தது இதனால்தான். பெண்களின் நேரமும் ஒரு வளம். அதை எண்ணாமல் விட்டதுதான் பல நல்ல திட்டங்கள் தோற்ற இடம்.

ரேஷன் அரிசியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அதன் பட்டியலில் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. அது இல்லாவிட்டால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதைக் குறை சொல்பவர்கள் ஒருமுறையாவது காலி டப்பாவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் அரிசி அரிசி மட்டும்தான். பருப்பும் கீரையும் இறைச்சியும் இருந்த தட்டில் அரிசி மட்டும் மிஞ்சினால், கணக்கில் அந்த வீடு உண்டது, உடம்பில் உண்ணவில்லை. அந்த 5 கிலோவும் கூட, உழைத்துத் தேய்ந்த விரல் கருவியில் பதியாத மாதங்களில் சிலருக்குக் கிடைக்காமல் போகிறது. ரேஷன் கடையே மலையிறங்கி நடக்க வேண்டிய தூரத்தில் இருப்பவர்களும் உண்டு.

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் வேறு மாதிரி. அங்கே மாயா மக்கள் ஒரே வயலில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் சேர்த்து வளர்த்தார்கள். 1870களில் காபி வந்தபோது ஊர்ப் பொது நிலங்கள் தோட்டங்களாயின, நிலம் இழந்தவர்கள் அந்தத் தோட்டத்துக்கே கட்டாயக் கூலிகளானார்கள். செங்குத்தான சரிவில் துண்டு நிலம் மிஞ்சியது. அதில் விளைவது வருடம் முழுக்கக் காணாது. 2014-15 தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளில் 58 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். காபியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சில இடங்களில் நிலமும் நீரும் எடுக்கப்படவில்லை, கெடுக்கப்பட்டன. கனடாவின் ஒண்டாரியோவில் கிராஸி நாரோஸ் என்ற பூர்வகுடி ஊர். 1962 முதல் 1970 வரை ஆற்றின் மேல்பகுதியில் இருந்த ஆலை ஒன்றிலிருந்து டன் கணக்கில் பாதரசம் ஆற்றில் கலந்தது. மீன்தான் அவர்களுக்கு உணவு, மீன்தான் வேலை. 1970இல் மீன்பிடித் தொழில் மூடப்பட்டது. ஆறு ஓடுகிறது, மீன் துள்ளுகிறது, பிடித்துத் தின்றால் நரம்பு பாதிக்கும். அலாஸ்காவில் யூகான் ஆற்றுக் கரை ஊர்களில் சால்மன் மீன் வரத்தே சரிந்துவிட்டது. குளிர்காலத்துக்குச் சால்மனைக் காயவைத்துச் சேர்க்கும் அந்த மக்கள் 2021இலிருந்து வலையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். 2024இல் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து சினூக் சால்மன் பிடிப்பை ஏழு வருடத்துக்கு நிறுத்தின. கடல் சூடானதற்கும் பெருங்கப்பல்களின் மீன்பிடிப்புக்கும் அந்த ஊர்களின் பங்கு என்ன?

அறிவும் பறிபோகும். இதைப் படிக்கும்போதுதான் எனக்கு மிகவும் தொண்டை அடைத்தது. கனடாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். தாய்மொழி பேசினால் அடி. பள்ளியில் அரைகுறைச் சாப்பாடு. 1948க்கும் 1952க்கும் இடையில், ஏற்கெனவே சத்துக்குறைவாயிருந்த அந்தக் குழந்தைகள் மீது, அவர்களுக்கோ பெற்றோருக்கோ தெரியாமல் ஊட்டச்சத்து ஆய்வுகள் நடந்தன. சிலருக்கு மட்டும் சத்து மாவு, மற்றவர்கள் ஒப்பீட்டுக்காகப் பசியோடேயே. 2013இல்தான் இது பரவலாக வெளியே தெரிந்தது. அந்தப் பள்ளிகளில் பத்து வருடம் இருந்து ஊர் திரும்பிய பிள்ளைக்கு, எந்தப் பனி தாங்கும், எந்தக் கிழங்கை எப்படி விஷம் போக்கி வேகவைக்க வேண்டும், யார் வீட்டுக்கு எந்தப் பங்கு என்பதெல்லாம் தெரியாது. சொல்லிக் கொடுக்கும் பாட்டிக்கும் கேட்கும் பேத்திக்கும் பொது மொழி இல்லை. காடு அப்படியே இருந்தாலும் அந்தப் பேத்திக்கு அது வெறும் மரம்.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அமெரிக்காவின் நவஹோ தேசம் தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் கொஞ்சம் மேல். அங்கே முழு அளவிலான மளிகைக் கடைகள் பன்னிரண்டு பதின்மூன்று என்பதே நெடுநாள் கணக்கு. காய்கறி வாங்க மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளின் கடை விலைகளை 2020இல் நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. ஒரே கடை, ஒரே விலை, வேறு போக்கிடம் இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகு ஏழ்மை என்ற சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்துகிறேன். அந்த வீடுகளில் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் காசு தேவைப்படாத இடத்திலிருந்து காசில்லாமல் வாழவே முடியாத இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்ட செயல்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, கால்வாயின் நீள அகலம் இருக்கிறது. அதனால்தான் சிலவற்றைத் திருப்பியும் தர முடிகிறது. 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தின் 20ஆவது பிரிவு, வாழ்வாதார வழிகளை இழந்தவர்களுக்கு நியாயமான ஈடு உண்டு என்கிறது. 144 நாடுகள் ஆதரித்தன. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் உண்டு. பின்னால் அவை ஏற்றுக்கொண்டன.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மெண்டா லேகா என்ற கோண்டு ஊர் 2009இல் தன் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. அதற்குப் பிறகும் வெட்டிய மூங்கிலை எடுத்துப்போகும் அனுமதிச் சீட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது. 2011இல் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே வந்து கொடுத்தார். மூங்கில் விற்ற காசு கிராமசபையின் கணக்குக்கு வந்தது, காட்டில் என்ன எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் சபையே முடிவு செய்கிறது.

கீலாவுக்கும் நீர் திரும்பியது, ஒரு நூற்றாண்டு தாமதமாக. பீமா மக்களுக்கு என்று சொல்லி 1930இல் திறந்த கூலிட்ஜ் அணை நிரம்பிய வருடங்கள் குறைவு, நீரிலும் வெளியாருக்குப் பங்கு போனது. தலைமுறை தலைமுறையாக வழக்காடிய பிறகு 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அந்தச் சமூகத்துக்கு வருடம் 653,500 ஏக்கர்-அடி நீரை ஒதுக்கியது. நம் கணக்கில் சுமார் 28 டி.எம்.சி. டெப்பரி அவரை மறுபடி பயிராகிறது. அந்த நீரில் ஒரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. 2023இல் அந்த ஆறு வறண்டு, அதன் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் இறங்கியபோது, அதே மக்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை எடுக்காமல் ஏரியிலேயே விட்டுவைக்க ஒப்பந்தம் செய்தார்கள், ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு. இன்று அவர்களிடம் கேட்டுத்தான் நீர் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த இருபது வருடத்து நீர், நூறு வருடத்து மாவும் கொழுப்பும் செய்ததைச் சீக்கிரம் மாற்றிவிடாது. டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவருக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்ன செய்யும்?

என் கேள்வித்தாளில் கடைசியில் 'வசதிகள்' என்றுதான் அச்சாயிற்று. களத்தில் எளிதாகக் கேட்க வேண்டுமே, அது அவர்கள் சிரமம், எனக்குப் புரிந்தது. கணக்கெடுப்பு முடிந்து சில வாரம் கழித்து அந்த அக்கா பேசினார். ஒரு பழங்குடி வீட்டில் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார்: கடந்த 12 மாதங்களில், பணமோ வேறு வசதிகளோ இல்லாத காரணத்தால், சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? திண்ணையில் இருந்த பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தாராம்.

"பன்னண்டு மாசத்துக்கு மட்டும் சொன்னாப் போதுமா தாயி? இல்ல, எங்க அப்பன் காலத்துல இருந்து சொல்லணுமா?"

அக்கா தாளில் 'ஆம்' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு, இரண்டாவது கேள்விக்குப் போனாராம்.